மாமா என்ற சொல்லின் சொந்தக்காரர்

மார்ச் 3

அருமை மருமகள் வாயாடிக்கு,

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் உலக சரித்திரம் நடந்துகொண்டிருக்கும்போது நீ போனை டொக்கென்று வைத்துவிட்டாய். பரவாயில்லை. பெரிய சம்பவங்கள் நடக்கும்போது பக்கத்தில் இருப்பவர்கள் இப்படித்தான் ஏதாவது கோணங்கித்தனம் செய்வார்கள்.

நடந்ததை நான் ஒழுங்காக எழுதி வைக்கிறேன். நாளைக்கு நீ மாற்றிச் சொல்லக் கூடாது பார். உன் மகன் பட்டாணி, இரண்டு வயது தாண்டியும் ஒரு வார்த்தை பேசாமல் நம் எல்லோரையும் காயப்போட்டவன், போன் திரையில் என் முகத்தைப் பார்த்தான். முழு முகம்கூட இல்லை. நான் போனைப் பிடிக்கிற லட்சணத்துக்கு மூக்கும் ஒரு காதும்தான் தெரிந்திருக்கும். அந்த மூக்கைப் பார்த்து, வாயைத் திறந்து, கணீரென்று "மா...மா" என்றான். சாதாரணக் கணீர் இல்லை. இங்கே என் பல் கட்டும் பட்டறை ஜன்னல் கண்ணாடி கிடுகிடுவென்று ஆடியது. மெழுகில் பதித்து வைத்திருந்த கடைவாய்ப்பல் ஒன்று கழன்று மேஜைக்கு அடியில் ஓடி ஒளிந்தது. இன்னும் கிடைக்கவில்லை.

அப்போது நீ என்ன செய்திருக்க வேண்டும்? "மாமா, உங்களைத்தான் கூப்பிடறான்" என்று ஆனந்தக் கண்ணீர் விட்டிருக்க வேண்டும். நீயோ "என்னைக் கூப்பிட்டுட்டான்! என்னைக் கூப்பிட்டுட்டான்!" என்று குதித்தாய். பின்னாலிருந்து மாப்பிள்ளை வேறு அவர் பாஷையில் கூவினார். டிராம் ஓட்டுகிறவர், ஊதுகுழல் வண்டியில்தான் இருக்கும் என்று நினைத்தேன், தொண்டையிலும் வைத்திருக்கிறார். "இவங்க பாஷையில மாமான்னா அம்மா" என்றாய். "நம்ம பாஷையில மாமான்னா மாமா" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அதற்கா போனை வைப்பார்கள்?

உன் அம்மா இறந்ததும், ஒன்றரை வயதில் உன்னை என் கையில் கொடுத்தார்கள். அன்றிலிருந்து நீ என்னைக் கூப்பிட்ட அதே வார்த்தையை உன் பிள்ளையும் பிடித்துக்கொண்டான். ரத்தம் பேசுகிறது. நீ குறுக்கே நிற்காதே.

இந்தச் சந்தோஷத்தில் இன்று பல் செட் வாங்க வந்த எல்லோருக்கும் சாக்லேட் கொடுத்தேன். அவர்களால் கடிக்க முடியாது என்பது அப்புறம்தான் உறைத்தது. பாவம், சப்பிக்கொண்டே வாழ்த்தினார்கள்.

பல்லற்றோர் படையின் தளபதி,
உன் (இப்போது பட்டாணிக்கும்) மாமா


மார்ச் 14

மாமாவுக்கு,

நான் டொக்கென்று வைக்கல. மெதுவாத்தான் வெச்சேன். உங்க பக்கம் எல்லாமே டொக்குன்னுதான் கேக்கும்.

முதல்ல ஒரு விஷயம். நீங்க அவனுக்கு மாமாவே இல்ல. எனக்குத்தான் மாமா. அவனுக்கு நீங்க தாத்தா. இதை நான் கர்ப்பமா இருந்தப்பவே சொன்னேன், நீங்க "தாத்தாவா? யாரு?"ன்னு பின்னாடி திரும்பிப் பார்த்தீங்க. தலைக்கு மை அடிச்சா உறவுமுறை மாறிடாது.

ரெண்டாவது விஷயம் எழுதக் கஷ்டமா இருக்கு. அதனால நேரா எழுதிடறேன்.

பட்டாணி பகல்ல போற குழந்தைகள் காப்பகத்து ஆசிரியை எங்களைக் கூப்பிட்டுப் பேசினாங்க. வீட்டுல ரெண்டு பாஷை ஓடுது, அதனாலதான் பிள்ளைக்கு நாக்கு சிக்கிக்குதுன்னு அவங்க நினைக்கிறாங்க. ஒண்ணை நிறுத்திப் பாருங்கன்னு சொன்னாங்க. எதை நிறுத்தறதுன்னு அவங்க சொல்லல. சொல்லவேண்டிய அவசியமும் இல்ல. காப்பகம், தெரு, அவன் அப்பா, அப்பாவைப் பெத்தவங்க, எல்லாம் ஒரு பாஷை. தமிழுக்கு இந்த ஊர்ல நான் ஒருத்திதான். அவன் சொன்ன முதல் வார்த்தையும் இந்த ஊர் வார்த்தையா இருந்ததும், இவரு "பாத்தியா, பிள்ளையே முடிவு பண்ணிட்டான்"னாரு. சந்தோஷமாத்தான் சொன்னாரு. நானும் தலையாட்டிட்டேன்.

அதனால கொஞ்ச நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை போன் வேண்டாம் மாமா. மருந்துக் கடையில வேலை நேரத்துல போன் எடுக்க விட மாட்டாங்க, வீட்டுல எடுத்தா அவன் காதுல விழும். கடிதம் எழுதுங்க. எழுத்து அவன் காதுல விழாது.

கோவிச்சுக்காதீங்க. கோவம் வந்தா உடனே எழுதாம, ரெண்டு பல் செட் முடிச்சிட்டு எழுதுங்க.

வாயாடி


மார்ச் 27

வாயாடிக்கு,

நீ சொன்னபடி இரண்டு பல் செட் முடித்தேன். கோபம் போகவில்லை. மூன்றாவதும் முடித்தேன். அதில் மேல்வரிசையும் கீழ்வரிசையும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நிற்கின்றன. வாடிக்கையாளர் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனால் அவர் மனைவி பயந்துவிடுவார். பிரித்து மறுபடி செய்ய வேண்டும்.

ஆக, வழக்கு இதுதான். பட்டாணி சொன்ன வார்த்தை உங்கள் ஊர் வார்த்தை என்றால் தமிழ் வீட்டை விட்டு வெளியேற வேண்டும், கூடவே நானும். தமிழ் வார்த்தை என்றால் இருவரும் தங்கலாம். ஒரு சொல்லின் மேல் ஒரு ஆளையே கழுவேற்றுகிறீர்கள். சரி, நான் சும்மா உட்காருவேன் என்று நினைத்தாயா? தொழிலை ஓரமாக வைத்துவிட்டு உலகப் பாஷைகளை எல்லாம் ஒரு பார்வை பார்த்தேன். உலகம் என்னிடம் எப்படி வந்தது என்று கேட்காதே. பல் போனவர்கள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள், எல்லோரும் கடைசியில் என் நாற்காலிக்குத்தான் வருகிறார்கள்.

முதலில் ஒரு தொழில் ரகசியம். புதுப் பல் செட் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்க நான் எல்லோரையும் "மாமா" என்று சொல்லச் சொல்வேன். உதடு இரண்டும் சேர்கிறதா என்று பார்க்க அதைவிட நல்ல வார்த்தை கிடையாது. செட்டைக் கழற்றிவிட்டுச் சொல்லச் சொல், அப்போதும் வரும். பல்லே வேண்டாம், நாக்கும் வேண்டாம், உதட்டைச் சேர்த்துப் பிரித்தால் போதும். ஆகவே, பல்லில்லாத குழந்தை உலகில் எங்கே இருந்தாலும் முதலில் என்னைத்தான் கூப்பிடும். "தாத்தா" சொல்ல நாக்கு பல்லில் போய் முட்ட வேண்டும். இயற்கையே எனக்குச் சாதகம்.

இனி சாட்சிகள். துணிக்கடைக்காரர், வீட்டில் ஹிந்தி பேசுகிறவர்: "மாமா என்றால் அம்மாவின் சகோதரர்தான், வேறென்ன?" என்று என்னையே முறைத்தார். ஹிந்திக்காரர் நம்மிடம் வாங்கினாரா, நாம் அவரிடம் வாங்கினோமா என்று படித்தவர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்களாம். எனக்கென்ன, இரண்டு பக்கமும் நான்தான்.

மாடியில் இருக்கும் பல் டாக்டரம்மாவின் தாய்மொழி சிங்களம். அதில் நீட்டிச் சொன்னால் மாமா, குறுக்கி "மம" என்றால் "நான்". எப்படி இருக்கிறது? மாமாவைக் குறுக்கினால் நான்! இதை நான் பல வருஷமாகச் சொல்லி வருகிறேன், யாரும் கேட்கவில்லை.

அப்புறம் ஒரு கப்பல் சமையல்காரர் முன்பல் உடைந்து வந்தார். ஜார்ஜியாக்காரர். அச்சு எடுத்துக்கொண்டிருக்கும்போது பர்ஸிலிருந்து ஒரு போட்டோவை நீட்டி "மாமா, மாமா" என்றார். பார்த்தால், மார்பு வரை தாடி வைத்த ஒரு பயில்வான். "இவங்கதான் உங்க அம்மாவா?" என்று கேட்டேன். அவர் வாய் நிறைய அச்சுச் சாந்து. சிரிக்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் மூச்சுத் திணறிவிட்டார். அவர் பாஷையில் மாமா என்றால் அப்பாவாம். அம்மாவுக்குப் பெயர் "தேதா". உலகமே அம்மாவுக்கு 'ம' போட்டால், அவர்கள் அதை அப்பாவுக்குக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருக்கிறார்கள். வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை.

நம்மிடம் மட்டும் என்ன குறைச்சல்? அம்மாவின் அண்ணன் தம்பி மாமா. அத்தை புருஷன் மாமா. மாமனார் மாமா. கட்டிக்கொண்டவரையும் சிலர் மாமா என்கிறார்கள். குழந்தைக்கு போலீஸ்காரர் மாமா. இன்னொரு அர்த்தமும் இருக்கிறது, அதைக் கடிதத்தில் எழுத மாட்டேன், நீ மருந்துக் கடையில் வைத்துப் பிரித்துப் படிப்பாய்.

என் தீர்ப்பு: அந்த வார்த்தை எந்த ஊருக்கும் சொந்தமில்லை. ஆகவே அதைக் காட்டித் தமிழை வெளியே அனுப்ப முடியாது.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு நான் போனைத் துடைத்து மேஜையில் வைத்தேன். சும்மா, தூசி இருந்தது.

மாமா


ஏப்ரல் 9

மாமாவுக்கு,

பட்டாணிக்கு இப்ப பதினாறு பல் இருக்கு. உங்க பல் தத்துவத்தை அவன்கிட்ட சொல்லாதீங்க, கடிச்சிடுவான். எதிர் வீட்டுல ஒரு பாப்பா, ஒரு பல்லும் கிடையாது, நாள் பூரா "தாத்தாத்தா"ன்னுதான் கத்துது. தீர்ப்பைத் திருத்தி எழுதுங்க.

ஆனா நீங்க கிளப்பிவிட்டது என்னை விடல. கவுன்ட்டர்ல மருந்து எடுத்துக் கொடுக்கிறப்ப வர்றவங்களை எல்லாம் கேக்க ஆரம்பிச்சிட்டேன். சீனாக்காரப் பொண்ணு, அம்மான்னா. ஸ்வாஹிலி பேசற அண்ணன் ஒருத்தர், அம்மாதான், ஆனா மரியாதைப்பட்ட எந்தப் பொம்பளையையும் அப்படிக் கூப்பிடலாம்னு சொல்லிட்டு, அன்னியிலிருந்து என்னை "மாமா"ன்னு கூப்பிட்டு மாத்திரை வாங்கறாரு. ஜப்பான்காரர் ஒருத்தர் கொஞ்சம் வெக்கப்பட்டுக்கிட்டு, அம்மாவும்தான், மதுக்கடை நடத்தற அம்மணியும்தான்னாரு. லத்தீன் படிச்ச எங்க முதலாளி, அது அம்மா, அப்புறம் தாய்ப்பால் வர்ற இடம்னாரு. சொல்லிட்டு இருமல் மருந்து அலமாரியை அடுக்கப் போயிட்டாரு.

அப்புறம்தான் தோணுச்சு, ஊரையெல்லாம் கேக்கறோமே, சொன்னவனை யாரும் கேக்கலையேன்னு.

கேட்டுப் பாத்தேன். பசியில "மம்மு"ன்னு சொல்லியிருப்பானோன்னு ரொட்டியைக் காட்டினேன். வாங்கித் தின்னான், ஒண்ணும் சொல்லல. உங்க டாக்டரம்மா சொன்ன "நான்"ஆ இருக்குமோன்னு கண்ணாடி முன்னாடி நிறுத்தினேன். கண்ணாடியை நக்கினான். அவங்கப்பா முன்னாடி விட்டேன், ஜார்ஜியாவும் இல்ல. கடைசியா நானே அவன் முன்னாடி சம்மணம் போட்டு உக்காந்து, என் நெஞ்சுல கையை வெச்சு, "மாமா? மாமா?"ன்னேன்.

எனக்குப் பின்னாடி யாரோ இருக்கிற மாதிரி எட்டிப் பாத்தான் மாமா.

இதை இவருகிட்ட சொல்லல. உங்ககிட்ட சொல்றேன். அன்னிக்கு அவன் சொன்னப்ப நான் ஏன் அப்படிக் குதிச்சேன் தெரியுமா? எனக்கு அம்மான்னு ஒருத்தரைக் கூப்பிட்ட ஞாபகம் கிடையாது. எந்த பாஷையிலயும் கிடையாது. என்னைக் கூப்பிட ஒருத்தன் வந்துட்டான்னு நினைச்சேன். அதைப் போய் நீங்க மூக்கை நீட்டி வாங்கிக்கிட்டீங்க.

போனை நிறுத்தினதுலேர்ந்து அவன் அந்த ஒரு வார்த்தையும் சொல்றதில்ல. வேற வார்த்தையும் வரல. தமிழ் வீட்டுல இல்லாததால வீடு சத்தமில்லாம இருக்கு, அவ்வளவுதான். காப்பகத்து ஆசிரியை, பொறுமையா இருங்கன்றாங்க.

வாயாடி


ஏப்ரல் 21

வாயாடிக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு, கிளம்பி வந்து உன் வாசலில் நிற்கலாமா என்று யோசித்தேன். வந்து என்ன செய்வது, ஊமையாக உட்கார வேண்டும். நான் வாயை மூடி உட்கார்ந்ததாக இதுவரை யாரும் சாட்சி சொன்னதில்லை. புதிதாகக் கற்றுக்கொள்ளும் வயதும் இல்லை. (வயதைப் பற்றி நானே எழுதியிருக்கிறேன், கவனித்தாயா?)

நீ சொன்னதும் ஒரு பழைய சமாச்சாரம் ஞாபகம் வந்தது. உனக்கு நாலு வயது இருக்கும். பட்டறைக்குப் பல் வார்க்கும் புது உலை வந்தது. அதைப் பூட்டிக் கொடுக்க ஒரு வெளிநாட்டு மெக்கானிக் வந்தார். ஆறரை அடி உயரம், கைகள் ஒவ்வொன்றும் வாழைமரம். என் பாஷை அவருக்குத் தெரியாது, அவர் பாஷை எனக்குத் தெரியாது. உலை மட்டும் இரண்டு பேருக்கும் தெரியும். அவர் உள்ளே குனிந்து ஆணி முறுக்கிக்கொண்டிருக்கும்போது நீ வாசலில் நின்று, செருப்பு வார் அறுந்துவிட்டது என்று, ஊர் இரண்டாகப் பிளக்கிற மாதிரி "மாமாஆஆ!" என்று அழுதாய்.

அந்த மனுஷன் ஸ்பேனரைக் கீழே போட்டார். பதறிப்போய் வீட்டின் உள்பக்கம் பார்த்தார். கதவைப் பார்த்தார், மாடிப்படியைப் பார்த்தார். யாரோ ஒரு பெண் ஓடி வருவாள் என்று எதிர்பார்க்கிற மாதிரி. யாரும் வரவில்லை. நீ மறுபடியும் "மாமா!" என்றாய். நான்தான் மெழுகுக் கையோடு எழுந்து போய், உன்னைத் தூக்கி மேஜை மேல் உட்காரவைத்து, பல் கட்டுகிற கம்பியால் அந்த வாரைத் தைத்தேன். நீ மூக்கை என் சட்டையில் துடைத்தாய். அழுகை நின்றது.

அவர் உலைக்குள் தலையை விடாமல் அப்படியே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அன்று முழுக்க என்னை ஒரு மாதிரி மரியாதையோடுதான் நடத்தினார். போகும்போது தொப்பியைக் கழற்றிவிட்டுப் போனார். என் மீசையைப் பார்த்து மயங்கிவிட்டார் என்றுதான் இத்தனை வருஷமும் எல்லோரிடமும் சொல்லி வந்தேன். போன மாதம் பாஷைகளைக் கிளறிக்கொண்டிருந்தபோதுதான், உன் வாயிலிருந்து வந்தது அவர் காதில் என்னவாக விழுந்திருக்கும் என்று புரிந்தது. மீசை இல்லை, வாயாடி. மீசைக்கு யாரும் தொப்பியைக் கழற்றுவதில்லை.

அதனால், யாரையும் கூப்பிட்ட ஞாபகம் இல்லை என்று எழுதாதே. கூப்பிட்டாய். பட்டறை அதிரக் கூப்பிட்டாய். வந்த ஆளுக்குத்தான் மீசை இருந்தது.

எனக்கு அந்த வார்த்தை நிறைய நாள் கிடைத்துவிட்டது. இப்போது அதை உனக்கே விட்டுக்கொடுக்கிறேன். பட்டாணி மறுபடி சொன்னால் அது நீதான், நான் வாயைத் திறக்க மாட்டேன். ஆனால் தமிழைத் திரும்ப வீட்டுக்குள் விடு. எனக்காக இல்லை. உனக்காகக்கூட இல்லை. வீடு சத்தமில்லாமல் இருக்கிறது என்று எழுதியிருக்கிறாயே, அதைப் படித்ததிலிருந்து எனக்கு வேலை ஓடவில்லை. நீ இருக்கிற வீடு சத்தமில்லாமல் இருந்து நான் பார்த்ததே கிடையாது.

மாமா
(தாத்தா என்று ஒருமுறை எழுதிப் பார்த்தேன். பேனா மக்கர் செய்தது.)


மே 4, ஞாயிற்றுக்கிழமை

மாமாவுக்கு,

உங்க கடிதம் நேத்து வந்துச்சு. சமையலறையில நின்னுக்கிட்டே படிச்சேன். மீசைன்னு எழுதியிருந்த இடத்துல ஹோன்னு சிரிச்சுட்டேன். அப்புறம் அடுத்த வரியில அழுகை வந்துச்சு, அதைச் சொல்லல, சிரிச்சதைத்தான் சொல்ல வந்தேன்.

பட்டாணி கட்டை அடுக்கிக்கிட்டு இருந்தான். என் சிரிப்பு கேட்டதும் அப்படியே போட்டுட்டு ஓடி வந்தான். என் முகத்தைப் பாக்கல மாமா, வாயைப் பாத்தான். அண்ணாந்து வாயையே பாத்தான். அப்புறம் விடுவிடுன்னு ஹாலுக்குப் போனான். எதையோ உருட்டற சத்தம். திரும்பி வந்தான், கையில என் போன். அதை என் வயித்துல வெச்சுத் திணிச்சு, "மாமா"ன்னான்.

நான் புரியாம நின்னேன். அவன் இன்னும் அழுத்தித் திணிச்சான். "மாமா! மாமா!"

அப்பதான் புரிஞ்சுது. நீங்களும் இல்ல, நானும் இல்ல. ஞாயிற்றுக்கிழமை ஆனா நான் போனை எடுத்து "மாமா"ன்னு ஆரம்பிப்பேன். நீங்க ஏதாவது உளறுவீங்க. நான் வயித்தைப் பிடிச்சுக்கிட்டு உருண்டு சிரிப்பேன். மத்த நாள்ல நான் அப்படிச் சிரிக்கிறதில்ல மாமா. இவரு ரொம்ப நல்லவரு, தமாஷும் பண்ணுவாரு, ஆனா அவரு பாஷையில எனக்கு தமாஷ் அரை நொடி தள்ளித்தான் புரியும். அதுக்குள்ள மத்தவங்க சிரிச்சு முடிச்சிருப்பாங்க. நான் கடைசியா மரியாதைக்குச் சிரிப்பேன். பிள்ளை ரெண்டு வருஷமா பாத்துக்கிட்டே இருந்திருக்கான். அந்த வார்த்தையைச் சொன்னா அம்மா இப்படிச் சிரிப்பா. அவனுக்கு அதுதான் மாமா.

சரியான்னு சோதிச்சுப் பாத்தேன். போனைக் கீழ வெச்சிட்டு சும்மா ஹஹ்ஹான்னு சிரிச்சுக் காட்டினேன். ஏமாறல. இல்லைன்னு தலையைப் பலமா ஆட்டிட்டு மறுபடி போனை எடுத்து நீட்டினான். எது மரியாதைச் சிரிப்புன்னு அவனுக்குத் தெரியுது.

இவரு கதவுப் பக்கம் நின்னு எல்லாத்தையும் பாத்துக்கிட்டு இருந்தாரு. பாஷை புரியாட்டியும் விஷயம் புரிஞ்சிருக்கு. நான் எடுத்துச் சொல்லச் சொல்ல, அவருக்கு முகம் ஒரு மாதிரி ஆயிடுச்சு. "அதையா நான் நிறுத்தச் சொன்னேன்"னாரு. நானும்தானே தலையாட்டினேன்னேன். ஏற்கனவே போன வாரம் பேச்சுப் பயிற்சி கொடுக்கறவங்களைப் போய்ப் பாத்துட்டு வந்தோம். ரெண்டு பாஷை கேக்கறதால எந்தப் பிள்ளைக்கும் பேச்சு நின்னு போகாது, சில பிள்ளைங்க மெதுவா வரும், நிறையப் பேசுங்க, எதுல வருதோ அதுல பேசுங்கன்னு அவங்க சொன்னாங்க. இவரு அதை அரைமனசாத்தான் கேட்டுக்கிட்டாரு. நேத்துதான் முழு மனசு வந்துச்சு. காப்பகத்துக்கு நாளைக்கு அவரே போய்ச் சொல்றாராம்.

அதனால தமிழ் வீட்டுக்குள்ள வந்தாச்சு. அவன் என்னை எப்பக் கூப்பிடுவானோ, என்னன்னு கூப்பிடுவானோ, கூப்பிடட்டும். நான் அவசரப்படல. என் சிரிப்புக்கே பேரு வெச்ச பிள்ளை, எனக்கு வைக்காம போயிட மாட்டான்.

இந்தக் கடிதம் உங்க கைக்கு வர்றதுக்குள்ள எல்லாத்தையும் நாம பேசித் தீர்த்திருப்போம். இருந்தாலும் எழுதறேன், நீங்க கடிதத்துலதான் கொஞ்சமாவது என்னைப் பேச விடறீங்க.

அங்க மணி நாலு. இடது கையில போன், வலது கையில எழுதறேன், கோணலா இருக்கும். அவன் என் முழங்காலைப் பிடிச்சுக்கிட்டு அண்ணாந்து என் வாயையே பாத்துக்கிட்டு நிக்கிறான். உங்க போன் அடிச்சுக்கிட்டே இருக்கு. எங்க போயிட்டீங்க?

எடுங்க மாமா.